சோபாவுக்கு ஒத்துப்போகும் கோல்

விளையாட்டு மன்றத்தின் தலைவர் புது வீடு கட்டி முடித்த வருடம் மன்றத்தில் ஒரு புதுப் பிரிவு தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று மன்றம் அறிவித்தது. யாரும் கேட்பதற்கு முன்பே அறிவித்தது.

பிரிவின் பெயர் நினைவுப்பொருள் அழகியல் பிரிவு. வீரர்கள் பயன்படுத்திய பொருள்கள் வீரர்களின் வீடுகளில் கிடந்து பாழாகின்றன, ரசனை உள்ளவர்களின் வீடுகளுக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்பது அதன் கொள்கை. முந்தைய தலைவர் காலத்தில் கோப்பைகளைக் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். புதுத் தலைவரின் மனைவி அவற்றைப் பார்த்துவிட்டுப் பாத்திரக்கடை மாதிரி இருக்கிறது என்றார். அன்று மாலையே கோப்பைகள் கோணிப்பைகளில் ஏறிக் கிடங்குக்குப் போயின. வெற்றியைக் குவிக்கக் கூடாது, தூவ வேண்டும் என்று புதிய பிரிவின் கதவில் எழுதி வைத்தார்கள்.

பிரிவுக்கு ஓர் ஆலோசகர் வந்து சேர்ந்தார். எப்போதும் கசங்கிய லினன் சட்டையில்தான் இருப்பார். அது தானாகக் கசங்கியதில்லை. கசக்கிக் கொடுப்பதற்கென்று ஓர் ஆள் வைத்திருந்தார். எந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எந்த ஆட்டத்தின் பந்து எந்த நிறச் சுவருக்குப் பொருந்தும் என்பது தெரியும். மன்றம் இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்தது இப்படி ஒருவரைத்தான்.

இது எதுவும் தெரியாமல் கொக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீளமான கால்களுக்காகப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். இப்போது அக்காவும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். மதியம் வரைக்கும் சலவைக்கூடம், பிறகு மைதானம். அவள் கோலூன்றித் தாண்டுகிறவள். நீண்ட கோலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, குழியில் ஊன்றி, அது வளைந்து நிமிர்கிற வேகத்தில் உடம்பை மேலே வீசிக் குறுக்குக் கம்பியைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் தாண்டாத உயரத்தை அவள் போன பருவத்தில் தாண்டியிருந்தாள். பன்னாட்டுப் போட்டிக்கான தேர்வு மாதக் கடைசியில் வருகிறது. அதை விட்டால் அடுத்த போட்டிக்கு நான்கு வருடம். அவளுடைய இடது முழங்கால் அவ்வளவு நாள் பொறுக்காது என்பது அவளுக்கும் முழங்காலுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

கோலை இரவல் வாங்க முடியாது. கனத்த ஆளின் கோல் இவளுக்கு வளையாது. மெலிந்த ஆளின் கோல் இவள் எடையில் ஒடியும். இவள் எடைக்குச் சரியான ஒரே கோலை மன்றத்துக்கு நடையாய் நடந்து வாங்கியிருந்தாள். சட்டப்படி அது மன்றத்தின் சொத்து. ஆனால் கிடந்தது அக்கா வீட்டில். முன்னறையில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை அடுப்படி ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையில் அக்கா துணி காயப்போடுவாள். அது பற்றி வீட்டில் தினமும் சண்டை.

ஆலோசகர் வந்த அன்று அதில் மாமாவின் காலுறை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மாமா என்பது அக்காவின் கணவர். சரக்கு வண்டி ஓட்டுகிறவர்.

ஆலோசகர் இரண்டு கைவிரல்களாலும் ஒரு சட்டம் செய்து அதன் வழியாக அறையைப் பார்த்தார்.

"உள்ளேர்ந்து வெளியே போகுது. வெளியேர்ந்து உள்ளே வருது. இப்படி வைக்கச் சொல்லி யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். வீடு சின்னது," என்றாள் கொக்கு.

"சின்ன வீடுங்கறது ஒரு பார்வைதாம்மா."

"ஒரு மாசம் இங்க இருந்து பாருங்க. பார்வை தானா சரியாயிடும்," என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

ஆலோசகர் காலுறையை இரண்டு விரலால் எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். "இது வேண்டாம். மத்தது வரட்டும்."

"எங்க வரட்டும்?" என்றார் மாமா.

"இத சிறப்பிக்கப் போறோம். ஒரு வாரம் மட்டும்."

"மாசக் கடைசியில தேர்வு இருக்கு சார்," என்றாள் கொக்கு.

"அதுக்குள்ள வந்துடும். வராட்டியும் நல்லதுக்குத்தான்."

மன்றத்தின் வண்டியில் கோலை ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. கொக்கு வண்டியோடு தெருமுனை வரை நடந்தாள், நோயாளியை அனுப்பி வைக்கிறவள் மாதிரி.

ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போகத் தொடங்கியது. மைதானத்தில் அவள் வெறுங்கையோடு ஓடினாள். கோல் இருப்பதாக நினைத்துக் கைகளை வைத்துக்கொண்டு ஓடி, குழி அருகே கைகளை உயர்த்தி, அப்படியே நின்றுவிடுவாள். மைதானக் காவலாளி ஒரு நாள் பக்கத்தில் வந்து, "என்னம்மா, கோல வித்துட்டியா, இல்ல சாமி கும்பிடறியா?" என்று கேட்டார். மாமா தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஒரு தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். அது வளையவில்லை. அவள் தோள்தான் வளைந்தது.

மன்ற அலுவலகத்துக்குப் போனாள். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிகளைக் காணவில்லை. ஜிம்னாஸ்டிக் குதிரை ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஓட்டக்காரர் ஒருவர் கால் தொங்க உட்கார்ந்திருந்தார். அவளும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தடை ஓட்டத் தடைகளில் கைதுடைக்கும் துண்டுகள் மடித்துத் தொங்கின. குத்துச்சண்டைக் கையுறையின் வாயில் பேனாக்கள் சொருகியிருந்தன. குண்டெறிதலுக்கான இரும்புக் குண்டின் மேல் கண்ணாடிப் பலகை வைத்து டீபாய் ஆக்கியிருந்தார்கள். அது உருண்டுவிடாமல் ஓர் ஊழியர் காலால் அண்டை கொடுத்துக்கொண்டு நின்றார். அவருடைய பதவிக்குப் புதிதாக ஒரு பெயரும் கொடுத்திருந்தார்கள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கொக்கு ஓட்டக்காரரைக் கேட்டாள்.

அவர் மேசைமேல் இருந்த ஒற்றைக் காலணியைக் காட்டினார். ஓடுவதற்கான முள்காலணி. அதற்குள் மண் போட்டுச் சின்னக் கற்றாழை ஒன்றை நட்டிருந்தார்கள்.

"கேட்டேன். வேர் பிடிச்சிடுச்சாம். இப்ப எடுத்தா செத்துடுமாம்."

"எது?"

"செடிதான்."

செயலாளர் அவளை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் மறுப்பார்.

"உங்க கோல நாங்க உசத்தியிருக்கோம்மா."

"எங்க சார்?"

"தலைவர் வீட்டு ஹால்ல. பெரிய ஜன்னலுக்கு மேல."

"எனக்கு அது வேணும் சார். தேர்வு வருது."

செயலாளர் வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். சின்னப் பிள்ளைகளுக்கு விளக்குகிற குரலில் தொடங்கினார்.

"இங்க பாரும்மா. ஒரு பொருள் மைதானத்துல இருக்கற வரைக்கும் அது வெறும் பொருள். வேர்வை, அழுக்கு, சத்தம், அவ்வளவுதான். சுவத்துக்கு வந்தாதான் அது வரலாறு. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன். ஒரு தடவகூட மைதானத்துக்குப் போனதில்ல. போகக்கூடாதுன்னு வெச்சிருக்கேன். போயிருந்தா விளையாட்டு மேல எனக்கு இருக்கற மரியாதை போயிருக்கும்."

"கோல் இல்லாம நான் எப்படித் தாண்டறது?"

"தாண்டிட்டியேம்மா. போன வருஷம் தாண்டினல்ல? அதுவே போதும். திரும்பத் திரும்பத் தாண்டினா அந்தத் தாண்டலோட மதிப்பு என்னாகறது?"

வெளியே வரும்போது ஓட்டக்காரர் கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டார்களாம்.

தலைவர் வீட்டுக்குள் போக வழியே இல்லாமல் இருந்தது. சலவைக்கூடம் வழியாக வழி கிடைத்தது. அந்த வீட்டுத் திரைச்சீலைகள் அவர்கள் கூடத்துக்குத்தான் இஸ்திரிக்கு வந்தன. அக்காவும் அதே கூடத்தில்தான், துணி மடிக்கிற மேசையில் வேலை செய்கிறவள். மூட்டையில் தொங்கிய சீட்டில் வீட்டு விலாசத்தைப் பார்த்ததும் தங்கையைக் கூப்பிட்டாள். திரைச்சீலையைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பதும் கூடத்தின் வேலைதான். இரண்டு பேரும் போனார்கள்.

ஹால் நீளமானது. ஓடிவந்து ஊன்ற அளவாக இருக்கும் என்று கொக்கு நினைத்தாள். சுவர், தரை, சோபா, சோபாவின் மேல் உட்கார்ந்திருந்த தலைவரின் சட்டை எல்லாம் ஒரே வெளிறிய பழுப்பு நிறம். தலைவர் எங்கே முடிகிறார், சோபா எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. ஜன்னலுக்கு மேலே அவள் கோல் இருந்தது. பித்தளைக் கொக்கிகளில் படுத்திருந்தது. பாதித் திரைச்சீலைகள் அதில் ஏற்கெனவே தொங்கின. கனமான துணி. கோல் நடுவில் இலேசாகத் தொய்ந்திருந்தது. அவள் கைப்பிடிக்காகச் சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்துவிட்டு மெல்லிய தோல் கயிறு சுற்றியிருந்தார்கள்.

"அந்த நாடா கத்திச்சும்மா," என்றார் தலைவரின் மனைவி. "அந்த நிறத்துக்குக் காது வலிச்சுது. ஆனா தூக்கிப் போடல. பாரு."

நாடா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சுருண்டு கிடந்தது. அவள் கை அழுக்கு அதில் இன்னும் இருந்தது. கிண்ணத்துக்கு மேலே தனியாக ஒரு விளக்குப் போட்டிருந்தார்கள்.

"இந்தச் சோபாவும் அந்தக் கோலும் பேசிக்குது தெரியுமா?" என்றார் அம்மையார்.

"என்ன பேசிக்குது மேடம்?" என்று அக்கா மரியாதையாகக் கேட்டாள்.

"அது வார்த்தையில வராதும்மா. கேக்கறவங்களுக்குத்தான் கேக்கும்."

அக்கா சற்று நேரம் சோபாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கொக்கு ஏணியில் ஏறித் திரைச்சீலையை மாட்டுகிற சாக்கில் கோலைத் தொட்டாள்.

"அங்க கை வைக்காதே, ரேகை படும்," என்றார் அம்மையார்.

"என் ரேகைதான் மேடம் அதுல முழுக்க இருக்கு. இது என்னோட கோல். தேர்வுக்கு வேணும்."

சோபாவின் ஒரு பகுதி அசைந்து தலைவர் ஆயிற்று.

"இது எந்த விளையாட்டு? படகு தள்ளுவாங்களே, அதா?"

"இல்ல சார். ஊன்றித் தாண்டறது."

"எதத் தாண்டறது?"

"கம்பிய."

"எதுக்கு?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவள் ஏணியில் நின்றபடி பதில் யோசித்தாள். அதற்குள் தலைவருக்கு வேறொன்று உறைத்துவிட்டது.

"இரு. நீ இன்னும் விளையாடறியா? அப்ப இது உயிரோட இருக்கற ஆளோட பொருளா?"

அம்மையார் வாயில் கை வைத்துக்கொண்டார். உணவு மேசையில் எலி ஓடினால் வருகிற முகம். ஓய்வு பெற்றவர்களின் பொருள் மட்டும்தான் நினைவுப்பொருள் என்று மன்றத்தின் விதி சொல்கிறது. அதை எழுதியவர் தலைவரே. விதியை மீறிய ஒரு பொருள் தன் வீட்டு ஜன்னலுக்கு மேலேயே தொங்குகிறது என்று தெரிந்ததும் அவர் உடனே செயலாளருக்குப் போன் போட்டார். இன்றைக்கே இது சரியாகிவிட வேண்டும் என்றார். கொக்கு ஏணியிலிருந்து நம்பிக்கையோடு இறங்கினாள். மன்றத்தை அவள் அவ்வளவுதான் புரிந்து வைத்திருந்தாள்.

மறுநாள் செயலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"தலைவர் ரொம்பக் கவலப்பட்டாரும்மா. உன் பேர்ல ஒரு முரண்பாடு இருந்தது. தீர்த்துட்டோம்."

"கோலக் குடுத்துடறீங்களா சார்?"

"கோல்ல ஒரு குறையும் இல்லையே. அது சரியாத்தான் தொங்குது. ஆள்லதான் முரண்பாடு. ஆள சரி பண்ணிட்டோம். நேத்து சாயந்திரம் நீ ஓய்வு பெற்றாச்சு."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது கைப்பிடி அல்ல, ஒரு ஹாக்கி மட்டை.

"எனக்கு இன்னும் வயசு இருக்கு சார்."

"இருக்கட்டும். நல்லா இரு."

"தேர்வுல நான் கலந்துக்கவே முடியாதா?"

"பாக்கலாம். பாக்கறதுக்கு ஓய்வு பெற்றவங்களுக்கு முன் வரிசை."

"திரும்ப வர வழியே இல்லையா?"

"இருக்கே. மன்றத்துல எல்லாத்துக்கும் வழி இருக்கு. பொருள் காட்சியிலேர்ந்து விலக்கப்பட்டா ஆளோட ஓய்வும் ரத்து. ஆனா அந்தப் பொருள் ரசனைக்குக் கீழ போயிடுச்சுன்னு பிரிவு சொல்லணும். இதுவரைக்கும் அப்படி ஒண்ணு நடந்ததில்ல. எங்க ரசனை குறையற ரசனை இல்லம்மா."

வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ள 'ஓய்வுபெற்ற வீராங்கனை இல்லம்' என்று ஒரு பலகை தயாராகிறது, ஆலோசகரே நேரில் வந்து மாட்டித் தருவார் என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்று சலவைக்கூடத்தில் கொக்கு ஒரே விரிப்பை மூன்று தடவை இஸ்திரி போட்டாள். மடிப்பு மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் விஷயத்தைக் கேட்டார்கள். ஒருத்தி தலைவரின் வம்சத்தை மூன்று தலைமுறைக்குத் திட்டினாள். இன்னொருத்தி ராத்திரி சுவரேறிக் குதித்துத் தூக்கி வந்துவிடலாம் என்றாள். அவ்வளவு நீளத்தை எந்தச் சுவர் வழியாகத் தூக்குவது என்று பேச்சு அதில் கொஞ்ச நேரம் ஓடியது.

அக்கா அந்தப் பேச்சில் சேரவில்லை. ஒரு தலையணை உறையை நான்காக மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்தம்மாவுக்கு உலகத்துலயே எது பிடிக்காது?"

"அழுக்கு," என்றாள் ஒருத்தி.

"அத கிண்ணத்துல போட்டு விளக்குப் போட்டிருக்கு. வேற?"

அவளே அடுத்த உறையை எடுத்து உதறினாள்.

"நாமதான்," என்றாள் அக்கா.

பலகை வருவதற்குள் தெரு தயாராகிவிட்டது. பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஓட்டலில் கழித்துக் கட்டிய பழைய பழுப்புத் திரைச்சீலைகள் மூட்டையாகக் கிடந்தன. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். கோலுக்கு அவரவர் சாமர்த்தியம். ஒரு வீட்டில் துடைப்பக் கம்பு, ஒரு வீட்டில் உடைந்த துடுப்பு, ஒரு வீட்டில் இரண்டு கிரிக்கெட் ஸ்டம்புகளைக் கயிறு போட்டு இணைத்தது. தையல்காரர் பழைய டென்னிஸ் மட்டையைக் கதவில் மாட்டி அதில் ஊசிகளைக் குத்தி வைத்தார். சைக்கிள் பழுது பார்க்கிறவர் கடை வாசலில் கால்பந்தைப் பாதியாக அறுத்து, அதில் பஞ்சர் பார்க்கிற தண்ணீர் ஊற்றி வைத்தார். இதில் எவருமே விளையாடியவர் இல்லை என்பதால் எல்லாம் ஏறக்குறைய மன்றத்தின் தரத்தில் இருந்தன.

ஆலோசகர் பலகையோடு தெருமுனையில் இறங்கினார். முதல் வீட்டின் முன் நின்றார். இரண்டாவது வீட்டின் முன் விரல்களால் சட்டம் செய்யப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். கொக்கு வீட்டுக்கு வந்து சேரும்போது அவருக்கு வியர்த்திருந்தது. அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

"என்ன இதெல்லாம்?" என்றார்.

"எல்லாம் நீங்க காட்டின வழிதான் சார். தலைவர் வீட்ல திரைச்சீலை மாட்டிட்டு வந்து தெருவுல சொன்னேன். ஒரு வீடு பாக்கி இல்ல, எல்லாருக்கும் அதே மாதிரி வேணுமாம்."

"அதே மாதிரியா?"

"அதே மாதிரின்னா என்ன, அதேதான். எங்க சலவைக்கூடத்துல நூறு பேர் இருக்கோம், நூறு தெருவுக்குச் சொல்லியாச்சு. முனையில கறிக்கடை பாத்தீங்களா?"

அவர் பார்த்திருக்கவில்லை. அக்கா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். உரித்த ஆடுகளுக்கு நடுவே கொக்கியில் ஒரு ஜோடி குத்துச்சண்டைக் கையுறை தொங்கியது. சிவப்புக் கையுறை. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை.

"ஆடும் கையுறையும் பேசிக்குதுங்க," என்றார் கறிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்தபடி. அக்கா சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். அவராகச் சேர்த்துக்கொண்டது பிறகு வந்தது. "தலைவர் வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. ஒரு நாள் வந்தாங்கன்னா ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம். அவங்க வீட்டுது என்ன சொல்லுது, எங்க வீட்டுது என்ன சொல்லுதுன்னு."

ஆலோசகர் பலகையை மாட்டவில்லை. அதைத் தூக்கிக்கொண்டே காருக்குத் திரும்பினார். கசங்காத இடமே இல்லாமல் அவர் சட்டை இப்போது நிஜமாகவே கசங்கியிருந்தது.

அன்று மாலை தலைவரின் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. பொழுது இருட்டுவதற்குள் கோல், திரைச்சீலை, பித்தளைக் கொக்கி, கண்ணாடிக் கிண்ணம் எல்லாம் பங்களா வாசலில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து கிடந்தன. மாமா வண்டியோடு போனார். பங்களாக் காவலாளி தடுக்கவில்லை, ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டார். மன்றத்திலும் அதே சுத்தம் நடந்தது. குண்டு தன் பாட்டுக்கு உருண்டு போயிற்று, தடைகள் கிடங்குக்குப் போயின. ஓட்டக்காரருக்கு அவருடைய காலணி திரும்பக் கிடைத்தது, செடியோடு. மேற்படி கோல் ரசனைக்குக் கீழே போய்விட்டது, ஆகவே மேற்படி வீராங்கனை ஓய்விலிருந்து விலக்கப்படுகிறார் என்று செயலாளர் அறிவித்தார். வெற்றி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அக்கா மட்டும் கோலில் இன்னும் காலுறை காயப்போடவில்லை. தேர்வு முடியட்டும் என்றாள்.

தேர்வுக்குச் சில நாள்களே இருந்தன. கொக்கு புது நாடா சுற்றினாள். திரைச்சீலை தொங்கிய கோல் ஒரு பக்கமாகச் சற்றே வளைந்து பழகியிருந்தது. எந்தப் பக்கம் என்று பார்த்து அதற்கேற்றபடி பிடித்துக்கொண்டாள். தாண்டுகிறவர்கள் வந்து விழுகிற மெத்தை இத்தனை நாள் ஆலோசகர் வீட்டு மொட்டைமாடியில் படுக்கையாகக் கிடந்தது, அதுவும் மைதானத்துக்குத் திரும்பி வந்தது. அதன் மேல் பழச்சாற்றுக் கறைகள் இருந்தன. விழுவதற்கு அது போதும்.

தேர்வு நாளன்று மன்றம் முழுவதும் மைதானத்துக்கு வந்தது. செயலாளர்கூட வந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. புல்லில் கால் வைக்கும்போது ஏதோ கடிக்குமோ என்பதுபோல வைத்தார். தலைவர், மனைவி, ஆலோசகர் மூவரும் பந்தலில் உட்கார்ந்தார்கள். பந்தலில் வேறு ஒன்றும் இல்லை. பூச்சாடி இல்லை, மேசை விரிப்பு இல்லை, மேசையே இல்லை.

கொக்கு முதல் முயற்சியில் கம்பியைத் தட்டிவிட்டாள். இரண்டாவது முயற்சிக்கு ஓடும்போது முழங்கால் ஒரு முறை எச்சரித்தது. அவள் நிற்கவில்லை. கோல் குழியில் ஊன்றியது, வளைந்தது, இத்தனை நாள் சுமந்த துணிக்கெல்லாம் சேர்த்து நிமிர்ந்தது. அவள் கம்பிக்கு மேலே போனாள். இடுப்புக்கும் கம்பிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பழச்சாற்றுக் கறையின் மேல் வந்து விழுந்தாள். போன பருவத்து உயரத்தைவிட அது கூடுதல். மைதானக் காவலாளி தொப்பியைக் கழற்றினார். சலவைக்கூடத்துப் பெண்கள் போட்ட சத்தத்தில் பந்தல் துணி ஆடியது.

தலைவர் எழுந்து ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"கடந்த சில நாளா நானும் என் மனைவியும் ஒரு பெரிய உண்மையக் கண்டுபிடிச்சிருக்கோம்," என்று தொடங்கினார். "எங்க வீட்டு ஹால்ல இப்ப ஒண்ணுமே இல்ல. ஒரு சுவர். அவ்வளவுதான். என்ன அமைதி. இத்தன நாள் பொருள்ல தேடினோம். அழகு காலி இடத்துல இருந்திருக்கு. அந்த ஞானத்த நம்ம விளையாட்டுக்கும் குடுக்கணும்னு மன்றம் முடிவு பண்ணியிருக்கு. பன்னாட்டுப் போட்டிக்கு மத்தவங்க எல்லாம் நூறு பேர், இருநூறு பேர்னு கூட்டத்தக் கூட்டிட்டு வருவாங்க. சந்தை மாதிரி இருக்கும். நம்ம அணி அப்படி இருக்காது. நம்ம அணியில யாருமே இருக்க மாட்டாங்க. கொடிக்குப் பின்னால ஒரு நீளமான இடைவெளி வரும். அத உலகம் பாக்கும்."

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். முதலில் கைதட்டியது அவர்தான்.

பிடி வழுக்காமலிருக்கப் பூசிய வெள்ளை மாவு ஒட்டிய கையோடு கொக்கு பந்தலுக்கு வந்தாள். "நான் தாண்டிட்டேனே சார்."

"பாத்தோம். அருமை," என்றார் தலைவர். உண்மையாகவே சொன்னார். "அதனாலதான் இதுக்கே ஒரு கனம் வருது. யாருமே இல்லாத இடம் காலியா இருந்தா அது வறுமைம்மா. நீ நிக்க வேண்டிய இடம் காலியா இருந்தாதான் அது ரசனை. நீ தாண்டலேன்னா இந்தத் திட்டமே நடந்திருக்காது. உனக்கு நன்றி சொல்லணும்."

"யாருமே போகலயா?"

"நாங்க போறோம். நான், இவங்க, செயலாளர், ஆலோசகர்."

"ஆளே இல்லாத அணிக்கு நீங்க நாலு பேர் எதுக்கு சார்?"

இதற்குப் பதில் சொன்னவர் செயலாளர். அவர் குரலில் கோபம் இல்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே பொறுமைதான்.

"காலியா இருக்கறத யாராவது காட்டணுமேம்மா."

கார்கள் கிளம்பின. பின்னாலேயே மன்றத்தின் லாரி உள்ளே வந்தது. மெத்தையையும் தூண்களையும் கம்பியையும் எடுத்துப் போக ஆட்கள் இறங்கினார்கள். மைதானத்தையும் காலி செய்யச் சொல்லி உத்தரவாம். அக்கா அவர்களுக்கு முன்னால் போய் நின்று, எங்கே வைத்திருக்கிறாய் உன் உத்தரவை, காட்டு பார்ப்போம் என்று பேச்சுக் கொடுக்கத் தொடங்கினாள். அவள் பேச ஆரம்பித்தால் இலேசில் முடியாது. மாமாவுக்கு அது அனுபவம்.

கொக்கு ஓடுபாதையின் தொடக்கத்துக்குப் போய்க் கோலைத் தூக்கிக்கொண்டாள். முழங்காலை ஒரு முறை மடக்கி நீட்டிப் பார்த்தாள். தூணடியில் மாமா நின்றிருந்தார்.

"மாமா," என்று கூப்பிட்டாள். "கம்பிய இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க."